உலகப் போர்களில் இறந்த தமிழக வீரர்கள்: பணி, இறப்புப் பதிவுகள்

முதல் உலகப் போரிலும் (1914–1918) இரண்டாம் உலகப் போரிலும் (1939–1945) பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்து வெளிநாடுகளில் இறந்த தமிழக வீரர்களைப் பற்றிய பதிவுகள் இந்தியா, பிரிட்டன், ஈராக், எகிப்து, மியான்மார், சிங்கப்பூர் எனப் பல நாடுகளில் பரவியுள்ளன. ஒரு வீரரின் பெயர், அவர் பணியாற்றிய படையணி, இறந்த நாள், பெயர் பொறிக்கப்பட்ட இடம் ஆகிய நான்கையும் ஒரே இடத்தில் காண்பது அரிது. பதக்கத்தின் விளிம்பு, ஊர்க் கல்வெட்டு, போர்க் கல்லறை ஆணையத்தின் தரவுத்தளம், படையணி நாட்குறிப்பு ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டே அவற்றைக் கண்டறிய வேண்டியுள்ளது.

செஞ்சிப் பகுதியும் போர் நினைவும்

விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டத்தில் அமைந்த பேரூர் அனந்தபுரம். செஞ்சியைச் சுற்றியுள்ள நிலப்பகுதி போரில் இறந்தவர்களைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்த நெடிய மரபைக் கொண்டது. 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு போரிட்டு இறந்த தேசிங்கு ராஜனின் கதை இன்றும் கதைப்பாடலாகவும் கூத்தாகவும் வழங்குகிறது. அவருடன் இறந்த நண்பர் மகமத்கானின் அடக்கத்தலமும் தேசிங்கின் குதிரையுடைய அடக்கத்தலமும் நீலாம்பூண்டியில் இருப்பதாக ஊரார் காட்டுகின்றனர். குதிரைக்கும் நினைவிடம் உண்டு என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

செஞ்சிக்கு மேற்கே செங்கம் பகுதியில் பல்லவர் காலம் முதலான நடுகற்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. தமிழகத் தொல்லியல் துறை 1972-ல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக அவற்றின் ஒரு பகுதியை வெளியிட்டது. இந்த நடுகற்கள் பலவற்றில் மன்னனின் ஆட்சியாண்டு, வீரனின் தலைவன் பெயர், வீரனின் பெயர், அவன் எந்தப் பூசலில் எப்படி இறந்தான் என்பது ஆகியவை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. நவீன ராணுவத்தின் இறப்புப் பதிவேட்டில் கேட்கப்படும் கேள்விகளும் ஏறத்தாழ இவையே. தேசிங்கு இறந்து சரியாக 200 ஆண்டுகளுக்குப் பிறகு, 1914-ல், இதே நிலப்பகுதியை உள்ளடக்கிய தென்னார்க்காடு, வடார்க்காடு மாவட்டங்களிலிருந்து ஆட்கள் கப்பலேறிப் போருக்குச் சென்றனர். அவர்களில் இறந்தவர்களுக்கு ஊரில் கிடைத்தது பெரும்பாலும் ஓர் எண் மட்டுமே.

ஊர்க் கல்வெட்டுகள்

முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் இந்திய அரசு, அதிகமான ஆட்களை அனுப்பிய ஊர்களில் நினைவுக் கல்வெட்டுகளைப் பதித்தது. அவற்றின் வாசகம் ஏறத்தாழ ஒரே வடிவில் அமைந்தது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்பதே அதன் பொருள். வேலூர் மணிக்கூண்டில் உள்ள கல்வெட்டு அங்கிருந்து 277 பேர் சென்றதாகவும் 14 பேர் இறந்ததாகவும் தெரிவிக்கிறது. பெயர்கள் இல்லை.

கல்வெட்டில் எண் மட்டும் இடம்பெற்றதால் இரண்டு சிக்கல்கள் உண்டாயின. ஊரார் நினைவில் பெயர்கள் இருந்த வரை கல்வெட்டு பொருள் தந்தது. இரண்டு தலைமுறைகள் கடந்ததும் அந்த 14 பேர் யார் என்பதைக் கல்லிலிருந்து அறிய வழியில்லாமல் போயிற்று. மேலும், கல்வெட்டு பதிக்கப்படாத ஊர்களிலிருந்தும் ஆட்கள் சென்றுள்ளனர். ஆகவே ஓர் ஊரில் கல்வெட்டு இல்லை என்பதால் அங்கிருந்து எவரும் செல்லவில்லை என்று முடிவு செய்யலாகாது.

கனடாவின் ஆவண முறை: ஓர் ஒப்பீடு

இந்தியாவைப் போலவே பிரிட்டிஷ் பேரரசின் பகுதியாக இருந்து போரிட்ட கனடா, தன் வீரர்களின் ஆவணங்களைக் கையாண்ட முறை இங்கு ஒப்பிடத்தக்கது. முதல் உலகப் போரில் கனடியப் படையில் பணியாற்றிய 6,22,000-க்கும் மேற்பட்டவர்களின் தனிநபர் கோப்புகளை அந்நாட்டின் நூலகமும் ஆவணக் காப்பகமும் 2018-ல் முழுமையாக மின்வடிவாக்கி முடித்தது. ஒவ்வொரு கோப்பிலும் படையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவம், உயரம், தழும்பு முதலிய உடல் அடையாளங்கள், மருத்துவமனைக் குறிப்புகள், ஊதிய விவரங்கள் ஆகியவை உள்ளன. இறந்தவர்கள் எந்த இடத்தில், எந்தச் சூழ்நிலையில் இறந்தனர் என்பதைக் குறிக்கும் தனிப் பதிவேடும் உண்டு. இவற்றை எவரும் கட்டணமின்றி இணையத்தில் பார்க்கலாம்.

இதனால் பயனடைந்தவர்களில் ஓர் இந்தியரும் உண்டு. பஞ்சாபில் பிறந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த பக்கம் சிங் 1915-ல் கனடியப் படையில் சேர்ந்தார். பெல்ஜியப் போர்முனையில் காயமடைந்து, பின்னர் காசநோயால் 1919-ல் ஒன்டாரியோ மாநிலத்தின் கிச்சனர் நகரில் இறந்தார். குடும்பம் அருகில் இல்லாத அவரைப் பல பத்தாண்டுகள் எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அவருடைய பதக்கம் லண்டனில் விற்பனைக்கு வந்தபோது அதை வாங்கிய கனடிய சீக்கிய ஆய்வாளர், விளிம்பில் இருந்த பெயரையும் எண்ணையும் கொண்டு அவரது கோப்பைத் தேடி எடுத்தார். கோப்பு அவரைக் கிச்சனரில் உள்ள கல்லறைக்கு இட்டுச் சென்றது. இப்போது அங்கு ஆண்டுதோறும் நினைவு நிகழ்ச்சி நடைபெறுகிறது.

அதே போரில் இந்தியப் படையின் சிப்பாயாக இறந்த ஒருவருக்கு இது எளிதில் நிகழாது. பதக்கம் கிடைக்கலாம். அதிலுள்ள பெயரை வைத்துத் திறந்து பார்க்கத்தக்க தனிநபர் கோப்புத் தொகுதி பொதுவெளியில் இல்லை. பஞ்சாப் மாகாணத்தைப் பொறுத்தவரை லாகூர் அருங்காட்சியகத்தில் ஊர்வாரியாக எழுதப்பட்ட பதிவேடுகள் இருந்தன. சுமார் 3,20,000 வீரர்களைப் பற்றிய அப்பதிவேடுகளின் ஒரு பகுதி 2021-ல் இணையத்தில் வெளியிடப்பட்டது. தமிழக வீரர்களைத் தேடுவோர் வேறு வழிகளையே நம்ப வேண்டியுள்ளது.

எண்களாக்கப்பட்டவர்கள்

போரில் இறந்தவர்களை நினைவுகூர்வதற்காக 1917-ல் பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் தொடங்கப்பட்டது. 1960 முதல் இது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் எனப்படுகிறது. பதவி, இனம், சமயம் ஆகிய வேறுபாடின்றி ஒவ்வொருவருக்கும் பெயரோடு நினைவுச் சின்னம் அமைப்பது இதன் கொள்கை. ஐரோப்பாவில் இக்கொள்கை பெருமளவு பின்பற்றப்பட்டது. பிரான்சில் நவ் ஷாப்பல் என்ற இடத்தில் 1927-ல் திறக்கப்பட்ட இந்திய நினைவுச் சின்னத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் உள்ளன.

ஈராக்கில் நிலைமை வேறு. அன்று மெசபடோமியா எனப்பட்ட அந்நாட்டில்தான் இந்தியப் படையினர் மிக அதிகமாகப் பணியாற்றினர். குண்டுகளோடு வெப்பம், காலரா, வயிற்றுக்கடுப்பு ஆகியவற்றாலும் இறந்தனர். கல்லறை அறியப்படாத 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்காக 1929-ல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் கடைநிலைச் சிப்பாய் வரை பொறிக்கப்பட்டன. இந்தியர்களில் அதிகாரிகளின் பெயர்கள் மட்டும் பொறிக்கப்பட்டன. மற்ற இந்தியச் சிப்பாய்கள் படையணியின் பெயருக்குக் கீழே எண்ணிக்கையாகக் குறிக்கப்பட்டனர். வேலூர் மணிக்கூண்டில் எண்ணாக நின்றவர் பாஸ்ராவிலும் எண்ணாகவே நின்றார்.

இது இடமின்மையால் நேர்ந்தது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆணையம் அமைத்த சிறப்புக் குழு 2021-ல் வெளியிட்ட அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றும் அது மதிப்பிட்டது. அன்றைய நிர்வாகிகளின் இனப் பாகுபாடும் முன்முடிவுகளும் இதற்குக் காரணம் என்று அறிக்கை கூறியது. ஆணையம் மன்னிப்புக் கோரியது.

பாஸ்ரா நினைவுச் சின்னம் 1997-ல் சதாம் உசேன் அரசின் ஆணைப்படி கடற்படைத் துறைமுகப் பகுதியிலிருந்து நசீரியா செல்லும் சாலைக்கு இடமாற்றப்பட்டது. ஈராக்கில் புதைக்கப்பட்டவர்கள், நினைவுகூரப்படுபவர்கள் ஆகியோரின் பெயர்களைக் கொண்ட இரண்டு தொகுதிப் பெயரேட்டை ஆணையம் உருவாக்கியுள்ளது. கல்லில் எண்ணாக இருந்த சிப்பாய்களின் பெயர்களை இன்று ஆணையத்தின் இணையத் தரவுத்தளத்தில் தேட முடிகிறது.

தேடும் முறை

வீட்டில் பதக்கம் இருந்தால் அதிலிருந்து தொடங்குவதே நல்லது. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், வெற்றிப் பதக்கம் ஆகியவற்றின் விளிம்பில் வீரரின் எண், பதவி, பெயர், படையணி ஆகியவை ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணையுடன் படிக்கலாம். பளபளப்பாக்கத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் முதலில் அழிவது விளிம்பு எழுத்துகளே. பதக்கத்தின் உலோகமும் ஒரு செய்தி. பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் படைவீரர்களுக்கு வெள்ளியிலும், கூலிப் படைப் பிரிவுகளில் இருந்தவர்களுக்கு வெண்கலத்திலும் வழங்கப்பட்டது. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தனியே ஒரு வெண்கல வட்டத் தகடும் அளிக்கப்பட்டது. அதில் பெயர் மட்டும் இருக்கும், பதவி இருக்காது. பழைய பாத்திரக் கடைகளில் எடைக்குப் போனவற்றில் இத்தகடுகளும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் பதக்கங்கள் பலவும் பெயர் பொறிக்கப்படாமல் வழங்கப்பட்டவை. எனவே அவை தேடலுக்கு அவ்வளவாக உதவுவதில்லை.

அடுத்த தடை எழுத்துக்கூட்டல். ஆளெடுப்பு எழுத்தர் தன் காதில் விழுந்தபடி பெயரை ஆங்கிலத்தில் எழுதினார். ஏழுமலை என்ற பெயர் எலுமலை என்றும் யெல்லுமலை என்றும் ஒலிக்கும்படி எழுதப்பட்டிருக்கலாம். முனுசாமி என்பது முனிசாமி, மூனசாமி எனப் பல வடிவங்கள் பெறும். முன்னெழுத்து பெரும்பாலும் இருக்காது. எனவே ஒரு பெயரை நான்கைந்து விதமாக எழுதித் தேட வேண்டும். அப்போதும் ஒரே படையணியில் பல முனுசாமிகள் கிடைப்பர். அவர்களைப் பிரித்தறிய உதவுவது படை எண்ணும் தந்தை பெயரும். ஆணையத்தின் பதிவுகள் சிலவற்றில் தந்தை அல்லது மனைவியின் பெயர், ஊர், வட்டம், மாவட்டம் ஆகியவை தரப்பட்டுள்ளன.

மாவட்டப் பெயரில் பலரும் தவறுகின்றனர். விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்றுதான் தென்னார்க்காட்டிலிருந்து பிரிக்கப்பட்டது. போர்க்காலப் பதிவுகளில் அனந்தபுரமோ செஞ்சியோ தென்னார்க்காடு மாவட்டம் என்ற பெயரின் கீழேயே வரும். விழுப்புரம் எனத் தேடினால் ரயில் நிலையம் இருந்த அந்த ஊர் மட்டுமே கிடைக்கும். செஞ்சி என்பது ஆங்கிலப் பதிவுகளில் ஜிஞ்சி என்ற ஒலிப்பில் எழுதப்பட்டது. ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டமும் அன்று சென்னை மாகாணத்தில் இருந்ததால், அனந்தபுரம் என்று தேடுபவருக்கு அந்த மாவட்டத்தவரின் பதிவுகளும் கலந்து வரும்.

ஆணையத்தின் பட்டியலுக்குக் கால வரம்பு உண்டு. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் இறந்தவர்களே சேர்க்கப்படுவர். போரில் பெற்ற நோயோடு ஊர் திரும்பி 1922-ல் இறந்தவர் இதில் வரமாட்டார். குடும்பத்தாருக்கு அவர் போரில் இறந்தவர்தான். பட்டியலில் பெயர் இல்லை என்பதால் குடும்பக் கதை பொய் என்று ஆகிவிடாது.

நினைவிடங்கள்

இறந்த நாட்டைக் கொண்டு நினைவிடத்தை ஓரளவு ஊகிக்கலாம். எகிப்து, பாலஸ்தீனப் போர்முனைகளில் இறந்த ஏறத்தாழ 4,000 இந்தியர்களுக்காகச் சூயஸ் கால்வாயின் தென்முனையில் தவ்பீக் துறைமுகத்தில் எழுப்பப்பட்ட சின்னம் பிற்கால அரபு–இஸ்ரேல் போர்களில் சிதைந்தது. அதற்கு மாற்றாகக் கெய்ரோவின் ஹீலியோபொலிஸ் கல்லறையில் 1980-ல் புதிய சின்னம் அமைக்கப்பட்டது. 1931-ல் திறக்கப்பட்ட தில்லி இந்தியா கேட்டில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. முதல் போரில் இறந்த இந்தியர்கள் 74,000-க்கும் மேல். ஆகவே பெரும்பாலோரின் பெயர் அங்கு இல்லை.

இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள் மியான்மாரின் தாக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்திலும் சிங்கப்பூரின் கிராஞ்சியிலும் அதிகமாக இடம்பெறுகின்றனர். இந்துக்களும் சீக்கியர்களும் எரியூட்டப்பட்டதால் அவர்களுக்குக் கல்லறை இராது, பெயர்ச் சுவர் மட்டுமே இருக்கும். கோகிமா எரியூட்டல் நினைவுச் சின்னத்தில் 917 பெயர்களும் இம்பாலில் 868 பெயர்களும் உள்ளன.

சென்னை நந்தம்பாக்கத்தில் 1952-ல் அமைக்கப்பட்ட போர்க் கல்லறைக்குச் சென்று முன்னோரின் பெயரைத் தேடுவோர் உண்டு. அங்குள்ள 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள் இரண்டாம் போர்க்காலத்தவை, தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பராமரிக்க இயலாத இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவை. முதல் போருக்கான 1,000-க்கும் மேற்பட்ட பெயர்களும் இந்தியாவுக்குள்ளேயே புதைக்கப்பட்டவர்களுடையவை. பாஸ்ராவில் இறந்தவரை நந்தம்பாக்கத்தில் தேடிப் பயனில்லை.

படையணியின் வழியே

பெயரும் படையணியும் உறுதியானால் அவரது பணியை ஓரளவு மீட்டெடுக்கலாம். தனிக் கோப்பு இல்லாதபோது படையணி சென்ற வழியே அவர் சென்ற வழி. லண்டனின் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் முதல் போரின் படையணி நாட்குறிப்புகள் உள்ளன. அன்றாட நகர்வு, மோதல், இழப்பு ஆகியவை அவற்றில் எழுதப்பட்டன. அதிகாரிகள் பெயரோடும் சிப்பாய்கள் எண்ணிக்கையோடும் குறிக்கப்படுவது அங்கும் வழக்கம். ஆனால் பதிவிலுள்ள இறந்த நாளை நாட்குறிப்பின் அதே நாளோடு வைத்துப் பார்த்தால் அவர் எங்கே, எந்தச் சூழலில் இறந்தார் என்பது பெரும்பாலும் தெளிவாகும்.

சான்றாக, 63-ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை என்ற பதிவோடு 1914 நவம்பர் தொடக்கத்து இறப்பு நாள் இருந்தால், அது ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவின் தங்கா துறைமுகத்தில் நடந்த தோல்வியைக் குறிக்கும். இன்றைய தான்சானியாவில் உள்ள அவ்வூரில் போதிய பயிற்சியும் உளவுச் செய்தியும் இன்றி இறக்கப்பட்ட இந்தியப் படை, எண்ணிக்கையில் மிகக் குறைந்த ஜெர்மானியப் படையிடம் தோற்றுப் பின்வாங்கியது. பழி பெருமளவில் சிப்பாய்கள் மீதே சுமத்தப்பட்டது.

படையணிகளின் பெயர்கள் பின்னர் மாறியதும் குழப்பம் தரும். 1922-ஆம் ஆண்டுச் சீரமைப்பில் கர்நாடகக் காலாட்படை, வாலாஜாபாத் இலகு காலாட்படை போன்ற பழைய பெயர்கள் மறைந்து மதராஸ் ரெஜிமென்ட், மதராஸ் பயனியர் ஆகிய பெயர்களில் அடங்கின. ‘போர்க்குடிகள்’ என்ற கொள்கையை நம்பிய ஆட்சியாளர்கள் இவற்றையும் 1933-க்குள் கலைத்தனர். மதராஸ் சாப்பர்கள் எனப்படும் பொறியியல் படை மட்டும் தொடர்ந்தது. இரண்டாம் போரில் ஆள் தேவைப்பட்டபோது மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் உருவாக்கப்பட்டது. இன்று அதன் மையம் நீலகிரியின் வெலிங்டனிலும், சாப்பர்களின் மையம் பெங்களூருவிலும் உள்ளன. படை எண் தெரிந்த குடும்பத்தினர் அங்கு எழுதிக் கேட்கலாம்.

பதிவில் குறைவாக இடம்பெற்றோர்

துப்பாக்கி ஏந்தாதவர்களின் தடம் இன்னும் மெலிது. முதல் உலகப் போரில் சமையலர், தண்ணீர் சுமப்போர், கோவேறு கழுதை ஓட்டுநர், சலவையாளர், துப்புரவாளர், சுமைதூக்கிகள் எனப் போர்ப்பணியாளர்களாக இந்தியாவிலிருந்து 5.5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்றனர். இவர்களில் பலர் பட்டியல் சாதியினர், நிலமற்றவர்கள். படையில் சேர்ந்தபோது எழுதப் படிக்கத் தெரியாததால் கைநாட்டு வைத்தவர்கள். கடிதமோ புகைப்படமோ குடும்பத்திடம் இருக்கும் வாய்ப்பு குறைவு. ஆணையத்தின் தரவுத்தளத்தில் இவர்களுக்கும் இடமுண்டு. பெயருக்கு முன் சமையலர், பிஸ்தி முதலான பணிப்பெயர் பதவியாகத் தரப்பட்டிருக்கும். சிப்பாய் என்று மட்டும் தேடுவோர் இவர்களைத் தவறவிடுவர்.

ஆணையத்தின் வரம்புக்கு முற்றிலும் வெளியே நிற்பவர்கள் சயாம்–பர்மா ரயில்பாதையில் இறந்த மலாயாத் தமிழர்கள். ஜப்பானியர் 1942–1943-ல் தோட்டங்களிலிருந்து கொண்டு சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் காலராவாலும் பட்டினியாலும் இறந்தனர். அதே பாதையில் இறந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. தமிழர்கள் படைவீரர்கள் அல்லர் என்பதால் எந்த நாட்டின் படைப் பதிவேட்டிலும் சேரவில்லை. காஞ்சனபுரியில் அவர்களுக்காக அண்மையில் தமிழ் அமைப்புகளின் முயற்சியால் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. அதற்கு நடுகல் என்றே பெயரிடப்பட்டுள்ளது. இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் இல்லாத நிலையில், தோட்டவாரியாக முதியவர்கள் சொன்ன வாய்மொழிச் செய்திகளே அவர்களைப் பற்றிய முதன்மை ஆதாரமாக உள்ளன.